ஆணி இல்லாத சர்ச்

பென் காந்தத்தைச் சுவரில் வைத்தார். டக் என்று ஒட்டிக்கொண்டது.

தீப்பெட்டி அளவுகூட இல்லாத காந்தம். நூலில் கட்டி விரலில் சுற்றி வைத்திருந்தார். அதைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி வைத்தார். மறுபடியும் டக். இன்னொரு சாண். டக்.

சர்ச்சுக்குள் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. பழைய மரத்தின் வாசனையும் பெஞ்சுகளுக்குப் போட்ட மெழுகின் வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. வெளியே யாரோ காய்ந்த இலைகளை மெஷினால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறி அந்த டக் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பென், பழைய கட்டடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கலாமா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதுபவர். அதிகம் பேசமாட்டார். கையிலிருந்த விண்ணப்பத்தைப் புரட்டி மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தார்.

"இந்த ஆலயம் முழுவதும் ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டப்பட்டது."

படித்துவிட்டு, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் ஆன்ட்டியைப் பார்த்தார். மார்கரெட் ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அழகான கூரைதான், ஆனால் அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏனென்றால் அந்த வரி என்னுடையது.

ஃபார்ம் செய்த வேலை

டிரைவிங் டெஸ்டில் நான் மூன்று முறை ஃபெயிலான கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு ஒரு வாசகி, "எப்பப் பார்த்தாலும் உங்களை நீங்களே மட்டம் தட்டிக்கிறீங்களே, நல்லதா எழுத ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் செந்திலையும் இதையே கேட்டுப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரைக்கும் யோசித்தார். ஆகவே இந்த வாரமும் அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், சான் ரமோனில். இங்கே பிள்ளைகள் ஹைஸ்கூலில் கடைசி இரண்டு வருஷத்துக்கு வந்துவிட்டால் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வியாதி வரும். வாலன்டியர் ஹவர்ஸ். காலேஜுக்கு அப்ளை பண்ணும்போது மார்க் மட்டும் போதாது, சமூக சேவையும் காட்ட வேண்டுமாம். உடனே அத்தனை தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் சேவை செய்யக் கிளம்பிவிடும். லைப்ரரியில் புத்தகம் அடுக்க வெயிட்டிங் லிஸ்ட். நாய்க் காப்பகத்தில் வெயிட்டிங் லிஸ்ட். நாயைவிடப் பிள்ளைகள் அதிகம்.

என் மகள் நிலாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்கு அதில் கவலையும் இல்லை. கவலை எனக்கு. ஒரு நாள் மத்தியானம் ஆஃபீஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே தேடியபோது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. லிவர்மோர் போகிற வழியில், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊரில் ஒரு பழைய மர சர்ச். சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட ஆள் தேவை. யாரும் விண்ணப்பித்த மாதிரி தெரியவில்லை. ஒரு கையில் ஸ்பூனோடு ஃபார்மை ஃபில் பண்ணி அனுப்பினேன்.

பெயர், போன் நம்பர், வேலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தானாகவே நிரப்பியிருந்தது. அது என் கம்ப்யூட்டர். அதற்குத் தெரிந்தது என் பெயர்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "வாசன்டி?" என்று ஒரு வயதான குரல். "உன்ன மாதிரி ஒருத்தருக்காகத்தான் நாங்க ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்தோம். ஒரு இன்ஜினியர்!"

என் பெயர் வசந்தி. நான் இன்ஜினியர்தான், ஆனால் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் பிழைப்பு. ஒரு செங்கல்லைக்கூட நான் உற்றுப் பார்த்தது கிடையாது. இதையெல்லாம் சொல்ல வாய் திறப்பதற்குள் அந்தக் குரல், "சனிக்கிழமை பத்து மணி" என்று சொல்லி வைத்துவிட்டது.

நிலாவிடம் சொன்னேன். ஃபார்மை வாங்கிப் பார்த்துவிட்டு சோபாவில் விழுந்து சிரித்தாள். "அம்மா, யூ சைன்ட் யுவர்செல்ஃப் அப்!"

"நீயும் கூட வாடி."

"இட்ஸ் யுவர் ஹவர்ஸ், மா."

தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத தூண்கள்

மார்கரெட் ஆன்ட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். கம்பளிச் சட்டை, ஆண்பிள்ளை ஷூ, வாசலில் ஒரு பழைய பிக்கப் டிரக். அந்த சர்ச்சுக்கு அவர்தான் எல்லாம். சாவி அவரிடம், பூ அவரிடம், கூரை ஒழுகினால் வாளி வைப்பதும் அவர். அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் பழகியதில் எனக்கு எல்லாம் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

முதல் நாள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டதும், "நான் என்ன உங்க அம்மாவோட தங்கச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

சர்ச் ஆங்கிலிக்கன் வழி. அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் என்பார்கள். முதல் பார்வைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சர்ச் என்றால் வானத்தைத் தொடும் கோபுரம், கறுத்த கல் என்று நினைத்துப் போயிருந்தேன். இது வெள்ளைப் பெயின்ட் அடித்த மர வீடு மாதிரி இருந்தது. கூரை மட்டும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பின மாதிரி செங்குத்தாக.

ஆன்ட்டி என்னை வாசலில் நிறுத்தி, "முதல்ல இத புரிஞ்சுக்கோ" என்று ஆரம்பித்தார். கட்டினவர்களுக்கு மனசில் இருந்தது இங்கிலாந்துக் கல் சர்ச். ஆனால் இங்கே கல் கொத்தத் தெரிந்தவர்கள் கிடையாது. காடு காடாகச் செம்மரம் இருந்தது. (நம் ஊர் செம்மரம் இல்லை. ரெட்வுட். ஆள் பத்துப் பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம்.) அதனால் தச்சர்கள் படத்தைப் பார்த்துக் கல்லில் இருப்பதையெல்லாம் மரத்தில் செய்துவிட்டார்கள். ஜன்னல்களின் தலை கூர்மையாக முடியும், கல்லில் கட்டும் வளைவு மாதிரியே. வெளிச் சுவரில் பலகைகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடித்து, இரண்டு பலகை சேரும் இடத்தை மறைக்க ஒரு பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் கண் தானாக மேலே போகும்.

சுவருக்கு வெளியே இரண்டு பக்கமும் முட்டுத் தூண்கள் வேறு. கல் கட்டடத்தில் அவை சுவரைத் தாங்கும். மரச் சுவருக்கு எதற்கு?

"ஒண்ணுக்கும் இல்ல" என்றார் ஆன்ட்டி. "அழகுக்கு."

கல்யாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிற சித்தப்பா மாதிரி. அவர் எதையும் தாங்கவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் கல்யாண வீடு மாதிரி இருக்காது. அந்தத் தூண்களைப் பார்த்ததும் எனக்கு அந்த சர்ச்சைப் பிடித்துப்போயிற்று.

உள்ளே போனால் இன்னும் பிடிக்கும். கூரைக்குக் கீழே உத்தரங்கள் கத்தரிக்கோலைத் திறந்து வைத்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போகும். உள்பக்கம் பெயின்ட் கிடையாது. காலை வெயில் பழைய கண்ணாடி வழியாக வரும்போது சுவர் முழுக்கத் தேன் நிறம். கண்ணாடியில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் இருக்கும். நடந்தால் தரை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி கிரீச்சிடும். நடையை வைத்தே யார் வருவது என்று ஆன்ட்டி திரும்பாமலே சொல்லுவார்.

விசேஷம்

பழனிச்சாமி மாமாவோடுதான் சிக்கல் வந்தது. அவர் செந்திலின் நண்பருடைய மாமனார். உடுமலைப்பேட்டை. ரிட்டையர்டு தாசில்தார். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்தார்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலை காரில் ஏற்றி லிவர்மோர் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். தரிசனம் முடித்துப் புளியோதரை சாப்பிட்டதும் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். மிச்சப் பொழுதுக்கு என்ன செய்வது? "வசந்தி அங்க ஒரு சர்ச்ல கைடா இருக்கா" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வாராவாரம் நெற்றியில் குங்குமமும் கையில் தேங்காய் மூடியுமாக ஏழெட்டுப் பேர் வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாக நிற்கும். ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சர்ச்சில் அத்தனை கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வருவதில்லை.

பழனிச்சாமி மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆய்வுக்கு வந்த மாதிரி ஒரு சுற்று சுற்றினார். நான் கூர் ஜன்னலைச் சொன்னேன், பட்டை அடித்த பலகையைச் சொன்னேன், சித்தப்பாத் தூண்களையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். கடைசியில் கேட்டார்.

"அதெல்லாஞ் சரீங்க அம்மிணி. இதுல விசேஷம் என்னங்க?"

நம் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அப்படி ஒன்று இருக்கும். நிழல் தரையில் விழாது. ஒரே கல். தட்டினால் ஸ்வரம் வரும் தூண். தீபத்தை இறக்கிக் காட்டினால் மூலவர் சிரிப்பார். விசேஷம் இல்லாத கட்டடத்தைப் பார்க்க எதற்காகக் காரை விட்டு இறங்க வேண்டும்?

"எந்த ராஜா கட்டினது?" என்றார் மாமா.

"ராஜா இல்லீங்க மாமா. தச்சர்கள்."

"உயரமும் ஒண்ணும் பெருசா இல்ல" என்றார் அவர் மனைவி.

எல்லோரும் செருப்பை நோக்கித் திரும்பினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வருஷமாக நான் ஆசை ஆசையாகப் பார்த்த இடம், இவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? அந்த ஆத்திரத்தில் வாய் தானாகத் திறந்தது.

"இதுல ஒரு ஆணிகூட இல்லீங்க மாமா!"

மாமா நின்றார். "என்னது?"

"அத்தனையும் மரத்துக்கு மரம் கோத்தது. ஆணியே அடிக்காம கட்டினது."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அட!" என்று சுவரைத் தொட்டார். தட்டிப் பார்த்தார். "ஏ புள்ள, இங்க வா, இதப் பாரு, ஆணியே இல்லையாமா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது மாமா வாசலில் நின்று சர்ச்சைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கும்பிடு என்னைக் கெடுத்துவிட்டது. அடுத்த வாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரம், மொத்த சர்ச்சும் ஒரே மரத்தில் செய்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்குக் கூட வந்திருந்த நிலா என் காதோரம், "அம்மா, தேர் இஸ் லிட்டரலி எ நெய்ல் ரைட் தேர்" என்றாள்.

"அது காலண்டர் மாட்ட அடிச்சதுடி. சும்மா இரு."

வாட்ஸ்அப்பில் அது எனக்கே திரும்பி வந்தது. பொள்ளாச்சியிலிருந்து என் நாத்தனார் அனுப்பியிருந்தாள். 'அமெரிக்கர்களே அறியாத அதிசயம்! கடல் கடந்து சென்ற தமிழ்த் தச்சர்கள் ஆணியின்றிக் கட்டிய ஆலயம்! தமிழனாக இருந்தால் பகிரவும்!' கீழே பழனிச்சாமி மாமா எடுத்த போட்டோ. ஓரத்தில் என் பாதி முகம். நான் தமிழச்சி. ஆனாலும் பகிரவில்லை.

அப்படித்தான் சொல்கிறார்கள்

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வந்தவர்களில் யாரோ ஒருவருடைய மகன், ஆங்கிலத்தில் ஆன்ட்டியிடமே போய் வியந்துவிட்டான். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"வாசன்டி, இது நிஜமா? ஆணியே இல்லையா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நான்கு மாமிகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்படித்தான் சொல்றாங்க ஆன்ட்டி" என்றேன்.

யார் சொல்கிறார்கள்? நான்தான்.

ஆன்ட்டி சுவரைப் பார்த்தார். "நீ இன்ஜினியர். உனக்குத் தெரியாம இருக்குமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளிச் சுவரில் ஏழெட்டுப் பூச்சு பெயின்டுக்கு அடியில் ஆணித் தலைகள் மறைந்திருந்தன. உள்பலகைகளில் ஆணி தெரியாத மாதிரி இடுக்கில் அடித்திருந்தார்கள். கண்ணில் படும் ஒன்றிரண்டும் பின்னால் அடித்தது என்று ஆகிவிட்டது. ஆன்ட்டிக்குக் கண்ணில் புரை வேறு.

அந்தச் சமயத்தில்தான் சர்ச்சின் தலையெழுத்தே ஊசலாடிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகியது. சபைக் கமிட்டியில் இளவட்டங்கள், இதை இடித்துவிட்டுப் புது ஹாலும் பெரிய பார்க்கிங்கும் கட்டலாம் என்றார்கள். பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டால் இடிக்க முடியாது, பழுது பார்க்கவும் உதவி கிடைக்கும். ஆனால் அதற்கு இது அசல் கட்டடம் என்று நிரூபிக்க வேண்டும். சர்ச் கட்டிப் பல வருஷம் கழித்து அங்கே ஒரு தீ விபத்து. பழைய பதிவேடுகள் எல்லாம் அதில் போய்விட்டன. சர்ச்சே எரிந்து, பிற்பாடு அதே அச்சில் புதிதாகக் கட்டியது என்று ஒரு கட்சி. எரிந்தது பக்கத்துக் கொட்டகை மட்டும்தான் என்று ஆன்ட்டியின் கட்சி. அந்தக் கட்சியில் ஆன்ட்டி ஒருவர்தான்.

விண்ணப்பத்தை அவரே ராவும் பகலுமாக எழுதி அனுப்பினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டவில்லை. காட்ட என்ன இருக்கிறது? அதில் என் பேச்சைத்தானே எழுதியிருந்தார்.

டக்

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பென் காந்தமும் கையுமாக நின்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த விவரம் எங்கிருந்து கிடைச்சுது?" என்று கேட்டார்.

ஆன்ட்டி வாயைத் திறந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவர் தயங்கியது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"நான் சொன்னது. பொய். நானா விட்டது" என்றேன்.

"ஏன்?" என்றார் பென்.

விசேஷம் என்றால் என்ன என்று ஒரு அமெரிக்கருக்கு விளக்கிப் பாருங்கள். உடுமலைப்பேட்டை தாசில்தாரிலிருந்து ஆரம்பித்து, நிழல் விழாத கோபுரம் வழியாக வந்து, "அவங்க இந்தச் சர்ச்ச சும்மா விட்டுட்டுப் போறாங்களேன்னு எனக்குத் தாங்கல" என்று முடித்தேன். அவர் ஒரு சொல்கூட எழுதிக்கொள்ளவில்லை. ஃபைலை மூடினார்.

"ஒரு வரி பொய்யின்னா, மத்த வரிகள நான் எப்படி நம்பறது?"

இதையே நான் ஆஃபீஸில் தினம் ஒருவரிடமாவது சொல்கிறேன். நம்மிடம் ஒருவர் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆன்ட்டி பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. என் வாயால் ஒரு சர்ச் போகப்போகிறது, இந்த மனுஷி ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்ட சர்ச். அழுகை வந்துவிட்டது.

பென் கிளம்பவில்லை. நின்று காந்தத்தை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எங்கயாவது ஆடற பலகை இருக்கா?" என்று கேட்டார்.

ஆன்ட்டி முன்னே நடந்தார். பாதிரியார் அங்கி மாட்டும் சின்ன அறை. அலமாரிக்குப் பின்னால் ஒரு பலகை லேசாகப் பிரிந்திருந்தது. பென் சின்னக் கடப்பாரை மாதிரி ஒன்றைச் சொருகி நெம்பினார். கிறீச் என்று நீளமாக ஒரு சத்தம். ஒரு ஆணி கழன்று வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

நான் பார்த்த ஆணி மாதிரி இல்லை. கறுப்பு. உருண்டையாக இல்லாமல் நான்கு பக்கமும் தட்டை. கீழே போகப் போக ஒடுங்கி, முனை கூர்மையில்லாமல் மொட்டையாக முடிந்தது.

"இரும்புத் தகட்டுலேர்ந்து வெட்டி எடுத்த ஆணி" என்றார் பென். முதல் தடவையாக அவர் குரலில் உயிர் வந்தது. "கம்பியில செஞ்ச உருண்டை ஆணி வந்தப்புறம் இத யாரும் வாங்கல. உங்க தீ விபத்து நடந்தப்ப உருண்டை ஆணிதான் ஊர் முழுக்க. எரிஞ்சு திரும்பக் கட்டியிருந்தா இங்க உருண்டை ஆணிதான் இருக்கணும்."

அதன் பிறகு ஏணியைப் போட்டு ஏறினார். கூரை உத்தரத்தில் பார்த்தார். தரைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தில், மணி தொங்கும் இடத்தில், என் சித்தப்பாத் தூண்களில். எங்கே கிளப்பினாலும் சதுர ஆணி. ஒட்டடையோடு இறங்கி வந்து, "இது அசல் கட்டடம். நான் அப்படித்தான் எழுதப்போறேன்" என்றார். அந்த மூன்றாம் பக்கத்து வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். இப்போது வாசலில் பித்தளைப் பலகை இருக்கிறது. இடிக்கிற பேச்சு யாரும் எடுப்பதில்லை.

சர்ச்சின் சாட்சியே அந்த ஆணிகள்தான். நான் இல்லவே இல்லை என்று சொன்னதும் அவற்றைத்தான்.

ஹெரால்ட் அங்கிள்

ஆனால் அன்றைக்கு ஆன்ட்டி உடனே கையெழுத்துப் போடவில்லை. அந்த ஆணியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய், "ஆன்ட்டி, சாரி" என்றேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"ஹெரால்ட்கிட்ட இந்த ஆணி ஒரு காபி டின் நிறைய இருந்துது" என்றார்.

ஹெரால்ட் அவருடைய கணவர். இறந்து சில வருஷமாகிறது. வாரநாளெல்லாம் வேறு வேலை, சனிக்கிழமையானால் சர்ச்சில் பலகை மாற்றுவது, கதவு சரிசெய்வது. கழற்றிய ஆணிகளை ஒன்றுவிடாமல் காபி டின்னில் போட்டு காரேஜில் வைத்திருந்தாராம். "இது சர்ச் ஆணி, தூக்கிப் போட்டுடாதே" என்று சொல்லியிருந்தாராம்.

"நீ ஆணியே இல்லேன்னு சொன்னியா. அவர் கேலி பண்றதுல பெரிய ஆள். சரி, நாப்பது வருஷமா எங்கயோ மாட்டுக் கொட்டகையில பொறுக்கின ஆணிய காட்டி என்னை ஏமாத்தியிருக்கார்னு நெனச்சேன். டின்ன குப்பைல போட்டுட்டேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"அதோட நிக்கல. ஆணி விஷயத்துலயே பொய் சொன்ன மனுஷன், மீன் புடிக்கப் போறேன்னு மாசாமாசம் மூணு நாள் போனாரே, அது எங்கே? ஒரு தடவகூட பெருசா மீன் கொண்டுவந்ததில்ல."

சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம். அடக்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பின்னால தோட்டத்துல அவர்கிட்டப் போய் கொஞ்ச நேரம் பேசுவேன். வாரம் தவறினது கிடையாது." ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு மாசமா போகல. ஜன்னல் வழியாக்கூட அந்தப் பக்கம் பாக்கல."

வெட்கத்தில் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. தாசில்தார் ஒருவர் கும்பிட வேண்டும் என்று நான் விட்ட கதை, செத்துப்போன ஒரு நல்ல மனுஷனைப் பொய்யன் ஆக்கியிருக்கிறது. நாலு மாதம் ஒரு பொண்டாட்டி புருஷனிடம் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவரால் வந்து, நான் அப்படி இல்லை என்று சொல்லவும் முடியாது.

ஆன்ட்டி எழுந்தார். "வா" என்றார்.

பென் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். "மேடம், கையெழுத்து—"

"இருங்க" என்று அவரைத் தாண்டிப் போனார்.

சர்ச்சுக்குப் பின்னால் சின்ன ரோஜாத் தோட்டம். சபையில் இறந்தவர்களின் சாம்பலை அங்கே புதைத்துப் பெயர் பொறித்த சின்னத் தகடு வைப்பார்கள். ஹெரால்டின் தகட்டின் மேல் இலைகள் சேர்ந்து கிடந்தன. ஆன்ட்டி குனிந்து கையால் தள்ளிவிட்டார். ஆணியைத் தகட்டின் மேல் வைத்தார்.

"ஹெரால்ட், இவதான்" என்றார். என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்று தள்ளி நின்றுகொண்டார்.

செருப்பைக் கழற்றினேன். மண் ஈரமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பிக்கப் பார்த்தேன். மீட்டிங்கில் பேசுகிற மாதிரி வந்தது. விட்டுவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள்" என்றேன். "நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். நீங்க எடுத்து வெச்சது அத்தனையும் இந்தச் சர்ச் ஆணிதான். ஆன்ட்டி மேல தப்பில்ல. என் பேச்ச நம்பிட்டாங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ஆன்ட்டி கேட்டார்.

"மீன் புடிக்கப் போனதப் பத்தியும் சொன்னியா?"

"அதையும் நீங்க சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்லிடவா?"

ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம், அத நானே கேட்டுக்கறேன்" என்றார். "நீ உள்ள போ. அந்த ஆள இருக்கச் சொல்லு. எனக்கு இவர்கிட்ட நாலு மாசப் பேச்சு பாக்கியிருக்கு."